இரண்டு புள்ளி நான்கு

ரோவனியெமி மருத்துவமனை, நான்காம் தளம்.
பிற்பகல் மூன்றுக்கே இருட்டிவிட்டது.
ரைலியின் காலரில்
புளியங்கொட்டை அளவில் ஒரு மைக்.
"அறை பதினொன்று. கட்டு மாற்றினேன்.
கசிவு குறைவு. ஓரம் சிவந்திருக்கிறது"
அவள் சொல்லச் சொல்ல
திரையில் வரிகள் முளைக்கின்றன.

போன குளிர்காலம் வரை
வேலை முடிந்த பிறகுதான் எழுத்து வேலை.
அதற்குள் இரண்டு பேருந்து போய்விடும்.
மணிக்கட்டில் கிறுக்கிய ரத்த அழுத்தம்
கையுறை வியர்வையில் கலைந்து
நூற்று முப்பதா நூற்று எண்பதா என்று
அவளையே திருப்பிக் கேட்கும்.
இப்போது முதல் பேருந்தில்
ஜன்னலோர இருக்கை.
பொய் சொல்வானேன், நல்ல கருவிதான்.

இன்னொரு வேலையும் செய்கிறது அது.
பேச்சையெல்லாம் கூட்டிக் கழித்து
அடுத்த ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று சொல்லும்.
வெள்ளிக்கிழமை சொன்னது:
இரண்டு புள்ளி நான்கு.
"அந்தப் புள்ளி நான்கு
எந்தக் கதவு வழியாக வரும்?" என்றான் யார்க்கோ.
யாரும் சிரிக்கவில்லை.
இரண்டு பேர் வந்தார்கள்.

ரைலி பதிவைத் தேடிப் படித்தாள்.
அறை ஏழு. தாவெத்தி.
காட்டில் மரம் வெட்டியவர், நுரையீரல் போய்விட்டது.
ஒன்பது பத்து முதல் ஒன்பது ஐம்பது வரை:
செயல் எதுவும் இல்லை.

அந்த நாற்பது நிமிடமும்
அவர் கை இவள் கைக்குள் இருந்தது.
இருவரும் பேசவில்லை.
அந்தப் பக்கத்து மனிதர்களிடம்
பேசாமலிருப்பதற்கு மரியாதை என்று பெயர்.
கருவிக்கு அது பூஜ்யம்.

மறுநாள் இரவு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
தொண்டையைச் செருமினாள்.
"உட்கார்ந்திருக்கிறேன்."
சற்றுப் பொறுத்து, கூச்சத்தோடு,
"இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.
மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.
பயம் இருக்கிறது."

தாவெத்தி கண் திறந்தார்.
யாரிடம் பேசுகிறாய்?
கணக்கெடுப்பவனிடம்.

மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு
காட்டுப் பேச்சில் சொன்னார்:
பயம் யாருக்கு என்று தெளிவாக எழுதச் சொல்.
எனக்கில்லை.

வட்டார வழக்கு அதற்கு வசப்படவில்லை.
இரண்டு நொடி தயங்கி எழுதியது:
நோயாளி இன்னொரு போர்வை கேட்கிறார்.

ரைலி எழுந்து போய் எடுத்துவந்தாள்.
அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமைக்கு மூன்று புள்ளி ஒன்று.
மூன்று பேரும் வந்தார்கள்.
ஏழாம் அறையின் நாற்காலியைத்
திரும்பச் சுவரோரம் தள்ளியது யார் என்று
பதிவில் இல்லை.