நண்பகலில் ஒரு பள்ளம்

முதலில் மழைமானி வந்தது.
ஒரு புனல், இரண்டு கரண்டி, ஒரு காந்தம்.
பிறகு காற்று. பாதியாய் அறுத்த பிளாஸ்டிக் பந்துகள்
மொட்டைமாடிக் கம்பத்தில் சுற்றத் தொடங்கியபோது
வீட்டுக்காரர் கேட்டார்,
"காக்கா விரட்டவா?"
வெப்பமும் ஈரப்பதமும்
கவிழ்த்துவைத்த பூந்தொட்டித் தட்டுகளுக்குள் குடியேறின.

வெயில் மட்டும் மிச்சம்.

புளியரையில் வெயிலை அளக்கப் புறப்பட்டவனை
என்னவென்று சொல்ல?
ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே
பர்மிட் இல்லாமல் வருகிறது மேகம்.
செக்போஸ்ட்டில் நான் ஒரு வைக்கோல் லாரியை நிறுத்தி
சீட்டு எழுதி முடிப்பதற்குள்
என் தலைக்கு மேல்
நூறு லோடு நனைந்த பஞ்சு கடந்துபோயிருக்கும்.

நகக்கண் அளவில் ஒரு ஒளி டையோடு.
அதன்மேல் வெள்ளை டெஃப்லான் வில்லை,
சாய்ந்து வரும் கதிருக்கும் நியாயம் கிடைக்கட்டும் என்று.
கீழே ஒரு மின்தடை, அதில் சில மில்லிவோல்ட்.
மூன்று திருகையும் மாறிமாறித் திருகினேன்,
மட்டக் குமிழ் நடுவுக்கு வந்து
மூச்சைப் பிடித்து நிற்கும்வரை.
செய்முறைத் தாள் அழுத்திச் சொன்னது:
கம்பத்தின் தெற்குப் பக்கம் பொருத்துக.
பொருத்தினேன்.

முதல் வாரம் திரையில் இன்னொரு மலைத்தொடர்.
தொள்ளாயிரம், இருநூறு, எழுநூற்றைம்பது.
ஒரு நாள் மேகத்தின் விளிம்பில், ஒரே ஒரு கணம்,
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு வாட்.
துடைத்துவைத்த வானமே அவ்வளவு தராது.
பிழை என்று நினைத்து மறுபடி கணக்குப் போட்டேன்.
பிழையில்லை. சூரியன் எட்டிப்பார்க்கும்போது
மேகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சம் எறியுமாம்.
அன்றிரவு டியூட்டியில்
கோழி லாரி டிரைவர் பைஜுவிடம் சொன்னேன்.
"கொள்ளாம்" என்றான்.
சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

பிழை வேறிடத்தில் இருந்தது.

பன்னிரண்டு பதினெட்டுக்கு ஒரு பள்ளம்.
பத்து நிமிடம். பிறகு ஏறிவிடும்.
வானம் வெறித்த நாளிலெல்லாம் அதே நேரம், அதே பள்ளம்.
மேகம் வாட்ச் கட்டுவதில்லை.

பக்கத்து மாடியில் ஜெசிந்தா,
குற்றாலத்து லாட்ஜ் விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுகிறவள்.
சீசனில் நாளைக்கு நாற்பது, ஐம்பது.
வேறு யாராக இருக்க முடியும்?
அச்செடுத்த வரைபடத்தோடு போய் நின்றேன்.
ஈரக்கையால் அதை வாங்கித்
தலைகீழாகப் பார்த்தாள்.
பிறகு என் மாடியைப் பார்த்தாள்.
"உங்க கம்போட நெழல் எவ்விட விழுது, சாரே?
அதப் பாத்தோ?"

பார்க்கவில்லை.
மணி பன்னிரண்டு இருபது.
கம்பத்தின் நிழல், முழங்கால் நீளம்கூட இல்லை,
தெற்கே நீட்டிப் படுத்திருந்தது
என் வெள்ளை வில்லையின்மேல்.

வெயில் எப்போதும் தெற்கே நிற்கிற ஊரில்
யாரோ எழுதிய தாள் அது.
ஆனியில் சூரியன் எங்களைத் தாண்டி வடக்கே போய்
நின்று காய்கிறது.
நாற்பத்தோரு வருடம் அதன் கீழேயே நடந்திருக்கிறேன்.
அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
எந்த மாதம் எந்தக் கொடி முதலில் காயும் என்பது
அவள் பிழைப்பு.

வடக்கே மாற்றினால் ஆவணிக் கடைசியில்
மறுபடி தெற்கே மாற்ற வேண்டும்.
அவளுடைய கொடிக்கம்பத்து உச்சி காலியாக இருந்தது.
"வச்சுக்கோ. வாடகை?" என்றாள்.
இரண்டு மாடிக்கும் நடுவே ஒயர் ஓடுகிறது இப்போது.
விடியும்போதே குரல் வரும்: "எத்தனை?"
"அறுபது."
விரிப்புகள் வாளியிலேயே கிடக்கும்.
"முந்நூறு... நானூற்றிருபது..."
படியேறும் காலடி கேட்கும்.
அதுதான் வாடகை.

பன்னிரண்டு பதினெட்டு இன்று சமதளம்.
ஆனால் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில்
நேரம் தவறித்தவறி ஒரு புதுப் பள்ளம்,
சில நாள் இரண்டு.
போய்ப் பார்த்தேன்.
காக்கா.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.