நீலப்புள்ளி

இடமாற்றக் கடிதத்தில் ஊரின் பெயர் இருந்தது,
சம்பளப் படிநிலை இருந்தது.
வாவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அப்புத்தளையில் வளர்ந்த கெண்டைக்கால்களுக்கு
மட்டக்களப்பில் வேலை கிடையாது.
முதல் வாரம் முழுக்க
இல்லாத படிகளுக்குக் கால் தூக்கி
வெறும் தரையில் இடறினேன்.

இரவுப்பணி முடித்து,
முன்னூறு பேரின் இரத்தம் பார்த்த கண்ணோடு
ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால்
இடப்பக்கம் அறை, தூக்கம்.
வலப்பக்கம் தண்ணீர்.
வலப்பக்கமே போனேன்.

பழுதான படிவங்களின் முதுகில்
பாதை கீறத் தொடங்கினேன்:
மூன்று நாய்கள்; அதில் ஒன்று மட்டும் குரைக்கும்.
இறால் கோது நாறும் மதிற்சுவர்.
நனைந்த குடையை விரித்துக் காயவைத்ததுபோல்
கல்லில் நீர்க்காகம்.
கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பில் கை வைத்தால்
போய்விட்ட சைக்கிள்
இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே ஓடும்.

"மீன் பாடினதக் கேட்டீங்களா?"
லேபில் ஜெஸீமா கேட்டாள், கன்ரீனில் காசாளர் கேட்டார்.
எனக்குக் கேட்டது ஐஸ் வாடி மோட்டார்.
கேட்டேன் என்றே சொன்னேன்.
வந்தவள் ஊருக்குச் செய்யும் மரியாதை.

கண்டல் நெருங்கிய திருப்பத்தில்
மினுங்கும் இலையொன்றைக் கிள்ளப் போனேன்.
"தொடாதீங்க அக்கா! தில்லை.
பால் தெறிச்சா மறுகா கண் தெரியாது."
டியூசன் பையில் தூண்டில் நூலோடு ஒரு பொடியன்.
பேர் கேட்டேன்.
"சொன்னா சேரிட்டச் சொல்லிருவீங்க."

அதே இடத்தில்தான்
கைபேசி வரைபடம் என்னை வாவிக்குள் காட்டியது.
நீலப்புள்ளி,
நீலத்தின் நடுவில், நீந்தத் தெரியாமல்.
காலடியைப் பார்த்தேன்:
ஓட்டுத்துண்டு, உடைந்த பீங்கான், செருப்பு வார்.
யாரோ லொறி லொறியாய்த் தரை கொட்டியிருக்கிறார்கள்.
வரைபடத்துக்குச் சொல்லவில்லை.

வாவிக்கும் சொல்லவில்லை போல.
மார்கழி மழையின் மூன்றாம் நாள்
அது தன் அறைக்குத் திரும்பி வந்து
படுத்துக்கொண்டது.
தில்லை மட்டும் இடுப்பளவில் நின்றது.
பொடியனின் கல்லையும் காணோம்.

நேற்று,
பதுளை பஸ்ஸில் வந்திறங்கிய ஒருத்தி,
புதுத் தாதி, பயணப்பையின் சில்லு ஒன்று உடைந்து,
விடுதிக்கு வழி கேட்டாள்.
"கரையால போகாதீங்க, தண்ணி. பெரிய ரோட்டால போங்க,
மறுகா..."
சொல்லிவிட்டு நின்றேன்.
இந்தச் சொல் எப்போது என் வாய்க்குள் குடிவந்தது?

"மறுகாவா? அது எந்தச் சந்தி?"
கேட்டவளுக்கு
ஒரு படிவத்தைத் திருப்பி விடுதியைக் கீறிக்கொடுத்தேன்.
கேட்காமலே
பாலத்தை, நாய்களை, நீர்க்காகத்தை,
தில்லையைச் சுற்றி ஒரு வட்டத்தையும்.
நீரில் நிற்கும் பாதைக்குப் புள்ளிக்கோடு போட்டு
பக்கத்தில் எழுதினேன்:
தை பிறந்த பிறகு.