பதினைந்து அம்பியர்

மின்சார சபைப் பொடியன் கேட்டான்:
"இதிலை என்ன அக்கா சமைப்பியள்?"
மண் என்றேன்.
சிரிக்காமல் படிவத்தில் எழுதினான்.
எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டான்.

வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பதினைந்து அம்பியர்.
மூன்று பேஸ் வேண்டுமென்றால்
ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்கு நாலு தரம் பஸ்,
இரண்டு கம்பம், ஒரு வைப்புப் பணம்.
அதற்குள் என் மாடு சினைப்பட்டுக் கன்றும் போட்டுவிடும்.

ஆகவே விறகு என்று தொடங்கினேன்.
பாலை எரித்தால் ஆயிரம் பாகை லேசு
என்கிறார் மில்லடி அருமைத்துரை.
வெட்டினால் வன இலாகா வரும்.
விழுந்ததைப் பொறுக்கினாலும் வரும்.
பத்தாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள் நான்,
கணக்குப் போட்டேன்:
ஒரு கோப்பைக்கு நாலு கிலோ மரம்.
கோப்பை அவ்வளவு அழகில்லை.

பிறகு காஸ்.
புதுக்குடியிருப்புக் கொத்துக்கடையில்
பர்னர் ஒன்றை இரவல் வாங்கிவந்தான் நிரூபன்.
செங்கல்லால் ஒரு பெட்டி அடுக்கி
வால்வைத் திருகினான்.
நீல நாக்கு.
அதன் பின்னால் இரைச்சல்,
தூரத்தில் தொடங்கி
கிட்ட வருகிறமாதிரி.

வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டபடி நின்ற தவமலர்
மகனைத் தூக்கிவிட்டாள்.
பதினாலு வயது. அவளைவிட உயரம்.
அவன் கால்கள் நிலத்தில் இழுபட
அண்ணாந்து பார்த்துக்கொண்டே
முருங்கையடிக்கு ஓடினாள்.
"அம்மா விடுங்கோ" என்று கத்தினான் பெடியன்,
வெட்கத்தில்.

நிரூபன் வால்வை மூடினான்.
முதலில் சிரித்தது அவள்தான்.
பிறகு நாங்களும்.
சூடு ஆறமுன்னமே பர்னரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

தாளில் காஸ் என்ற சொல்லைக் குறுக்கே வெட்டினேன்.
காரணம் என்ற நிரலில் எழுதினேன்: விலை.

மிச்சம் இருந்தது சின்னது ஒன்று.
ஒரு முழ ஆழம். பதினாறு கோப்பை.
ஃப்ரிட்ஜையும் தண்ணி மோட்டரையும் நிற்பாட்டினால்
பதினைந்துக்குள் அடங்கும்.
ஆயிரத்து நாற்பது வரை ஏறும்;
முத்தையன்கட்டுக் களிக்கு அது காணும்,
மேலே போனால் அப்பம்போல் பொங்கிக் கிடக்கும்.
ஆயிரத்து இருநூறு போகிறதை எடுங்கோ,
பின்னுக்கு உதவும் என்றார் வத்தளைக் கடைக்காரர்.
பின்னுக்கு உதவும் என்று வாங்கியதெல்லாம்
எங்கெங்கே கிடக்கிறது என்று
அவருக்குச் சொல்லவில்லை.

"சத்தம் போடுமா?" என்று கேட்டேன்.
குழம்பிப்போனார்.
ரிலே மட்டும் டிக் என்னும், அவ்வளவுதான்.
அந்த டிக்கைப் போனில்
மூன்று தரம் கேட்பிக்கச் சொன்னேன்.

லொறியில் வந்து இறங்கியது.
அகலம் இருபத்தெட்டு அங்குலம்.
பின்கதவு இருபத்தேழு.
எல்லாம் அளந்தவள், கதவை அளக்கவில்லை.
நிலையோடு பெயர்த்து உள்ளே ஏற்றினோம்.
மேசன் நாளைக்கு என்றான்.

அன்றிரவு வீட்டுக்குக் கதவில்லை.
ஒரு நுளம்புத்திரி, ஒரு சாக்கு,
வாசலுக்குக் குறுக்கே நாய்.
சுவரோரம் சூளை,
இன்னும் வயர் பூட்டாமல்,
வந்த இடத்தில் கூச்சப்பட்ட விருந்தாளிபோல.

பதினொரு மணியிருக்கும்.
வேலிக்கு அப்பாலிருந்து ஒரு டோர்ச்
எங்கள் வாசலில் வந்து நின்றது.

"கதவெங்கை?"
"கழட்டினது."

கொஞ்ச நேரம் வெளிச்சம் அப்படியே நின்றது.
"நல்லாக் காத்து வரும்," என்றாள்.
அணைத்தாள்.