கோப்பைக் காணவில்லை

உரிமம் முடிந்த திங்கட்கிழமை
முப்பத்திரண்டு திரைகளும்
ஒரே முகமாய்ப் பணம் கேட்டன.
பீடோர் கல்லூரியின் கையிருப்பு
ஆய்வகத்து ஏர்கோனைப் பழுதுபார்க்கவே காணாது.

நானும் ஹஃபீசும் இரண்டு இரவு
பென்டிரைவோடு மேசை மேசையாய் நகர்ந்தோம்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
ஜன்னல் அதிர்ந்தது.
விடிவதற்குள் எல்லாம் இலவசமாகிவிட்டன.

கொள்முதல் படிவம்தான் அடம்பிடித்தது.
விலைக் கட்டத்தில் சுழியத்தை ஏற்காதாம்.
கணக்குப் பிரிவு மிஸ் லிம்
ஒரு சென் என்று போட்டார்.

விரிவுரையாளர் சதானந்தன் இன்னும் கேட்கிறார்
பழைய பொத்தான் எங்கே போனதென்று.
சொல்லிச் சொல்லி அலுத்து
பதிலைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கணினியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தவள்
ஹேமலோஷினி.
"கோப்பைக் காணவில்லை" என்றது திரை.
"கேண்டீன்ல பாருங்க சார்,
கழுவி கவுத்து வச்சிருப்பாங்க."
வகுப்பு சிரித்து ஓய்ந்தது.

அவள் ஓயவில்லை.
மூன்றாம் டிவிஷனில்,
சுவரில் ஆணி அடிக்கவும்
ஆபீசில் கேட்க வேண்டிய கம்பெனி வீட்டில் இருந்துகொண்டு
எந்த நாட்டிலோ முகம் தெரியாத யாருக்கோ எழுதினாள்:
அந்த ஐ உருபை எடுத்துவிடுங்கள்,
"கோப்பு கிடைக்கவில்லை" போதும்.

ஐந்து வாரம்.
இரண்டு முறை வெள்ளம் வந்து வடிந்தது,
பிறகு ஒரு புதுப்பிப்பு.

அன்று மாலை
எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிய பின்
கதவைச் சாத்திவிட்டு
இல்லாத கோப்பு ஒன்றைத்
திரும்பத் திரும்பத்
திறந்துகொண்டிருந்தேன்.