துண்டு இலக்கம் பதினேழு

காணிக் கச்சேரி வாங்கில்
எனக்கும் அவளுக்கும் நடுவே
ஒரு கோப்பு வைக்கிற இடைவெளி.
அவள் கையிலும் உத்தரவுப்பத்திரம், என் கையிலும்.
முத்திரையில் ஒரே சிங்கம்.
என்னுடையதில் கறையான் தின்றது போக
மிஞ்சியது அப்பாவின் பெயர்:
சடையன் மகன் முத்துவீரன்.

கருங்காலிமோட்டை என்று பெயர் வைத்தது நாங்களில்லை.
தேன் எடுக்க வருகிறவர்கள் அப்படிச் சொன்னார்கள்.
எங்களைத் தோட்டக்காட்டார் என்று சொன்னதும் அவர்கள்தான்.
எழுபத்தேழில் லயம் எரிந்து
லொறியில் வந்திறங்கிய இருபத்தொரு குடும்பம்.
முதல் வருடம் மலேரியா நாலு பேரைக் கொண்டுபோனது,
அடுத்த வருடம் யானை சோளத்தை.
மூன்றாம் வருடம் அப்பா கிணறு வெட்டினார்.
இருபத்திரண்டு அடியில் கல்.
வெடி வைக்கக் காசில்லை.
இடுக்கில் ஊறுவதே போதும் என்று
ஒரு ஆமையைப் பிடித்து உள்ளே விட்டார்.

எண்பத்துநாலு மார்கழி.
ஒலிபெருக்கி கட்டிய ஜீப்.
விடிவதற்குள், என்றது.
அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது.
அந்த இரவை எழுத
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.
'வன்செயல்' என்று போட்டிருக்கிறேன்.

அவள் பெயர் ஹீன்மெனிக்கே.
தெல்தெனியப் பக்கம்.
அணைக்கட்டுத் தண்ணீரில் வீடு முழுகியதாம்.
அவளும் லொறியில்தான் வந்தாளாம்.
சந்தைத் தமிழில் சொன்னாள்:
'காடு வெட்ட வேலை இல்ல. யாரோ வெட்டி இருந்திச்சு.'
யார் என்று கேட்கவில்லையா, என்று
நானும் கேட்கவில்லை.
துவக்குக் கொடுத்தார்கள், கோதுமை மா கொடுத்தார்கள்,
பலகையில் எழுதி ஒரு பெயரும்: களுவரவெவ.
கருங்காலிக்கு அவர்கள் மொழியில் களுவர.
மரத்தையாவது பிழையில்லாமல் பெயர்த்திருக்கிறார்கள்.

பிறகு ஓரிரவில் ஒன்பது பேர்.
ஒன்பதாவது அவள் மூத்தவன், பதினோரு வயது.
அந்தச் செய்தியை நான் முகாமில் கேட்டேன்.
கேட்டு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.
அவளிடம் சொல்லவில்லை.

மூன்று தரம் ஓடினார்களாம்.
மூன்று தரமும் திருப்பிக் கொண்டுவந்து நட்டார்கள்,
எல்லையில் கதியால் நடுகிற மாதிரி.

கிணற்றில் ஆமை இருந்ததா, என்றேன்.
சொல் விளங்கவில்லை.
உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்து
கழுத்தை உள்ளே இழுத்துக் காட்டினேன்.
'இப்பா!' சிரித்துவிட்டாள்.
இவ்வளவு பெரிசு, என்று கையை விரித்தாள்.
குடிக்கிற தண்ணீர், கொன்றுவிடு என்றார்களாம் ஆமிக்காரர்.
விடவில்லையாம்.
மாசியில் கசக்குமே, என்றேன்.
'மாசி, பங்குனி ரெண்டும்' என்று திருத்தினாள்.

பன்னிரண்டே காலுக்கு ஜன்னல் திறந்தது.
'பதினேழு யாருடையது?'
இரண்டு பேரும் எழும்பினோம்.
எழுதுவினைஞர் நிமிரவில்லை.
வர்த்தமானித் தாளில் விரலை வைத்து,
'அது இப்ப வனத் திணைக்களத்துக்கு.
வந்ததுக்குக் கையெழுத்து வைச்சிட்டுப் போங்க.'

பேனா ஒன்றுதான்.
வட்டம் வட்டமாக அவள் எழுதி முடிக்கும் வரை
கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்:
கிணற்றுக்கு முப்பத்து மூன்று.
ஆமைக்கு எத்தனை என்று
அப்பாவைக் கேட்டு வைக்கவில்லை.