உழுவை, அல்லது படிவத்தின் மூன்றாம் கட்டம்

சின்ன ஏர்வாடிக் கரையில்
காலை ஆறே காலுக்கு
களஞ்சியத்தின் வத்தை கொண்டுவந்து போட்டது:
முன்பாதி மண்வெட்டி,
பின்பாதி சுறா.

மூக்கென்று சொல்ல முடியாது.
மூக்கு எங்காவது தொடங்க வேண்டும்.
இது முகமே தட்டையாகிப் போய்
நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும்
வெயில் ஊடுருவுகிறது,
எண்ணெய்த்தாள் ஒட்டிய பட்டம் மாதிரி.

மூன்றாம் கட்டம்: பெயர்.

"உழுவை" என்றார் களஞ்சியம்.
"கச்சுழுவை" என்று திருத்தினான் மச்சினன் முனியராஜ்.
பாசி எடுக்கப் போகும் சேதுராக்கு
முகக்கண்ணாடியைக் கழற்றாமலே
"துடுப்பு மூஞ்சி" என்றுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.
கீழக்கரை நூகு பெயரே சொல்லவில்லை.
கிலோ என்ன என்றார்.

அலுவலகப் பட்டியலில் அது கித்தார் மீன்.
இந்தக் கரையில் கித்தார் வாசித்தவன்
ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஒருவன்தான்.
மூன்றாம் பாட்டில் மழை வந்து அவனும் ஓடிவிட்டான்.

அகராதியில் உழுவை என்றால் புலி.
சொன்னதும் சிரித்தார் களஞ்சியம்,
கட்டைவிரலால் அதன் வாயைத் திறந்து காட்டி:
"பல்லப் பாருங்க சார். நொய்யரிசி."
"பிறகு ஏன் உழுவை?"
"உழுவுதுல்ல. தெளிஞ்ச தண்ணியில பாத்தா
போன வழி சால் புடிச்ச மாதிரி கெடக்கும்."

ஊர்ப் பெயரிலேயே ஏர் இருக்கிறது.
மாற்றலாகி வந்த ஆறு வருஷத்தில்
ஒரு கலப்பையும் என் கண்ணில் பட்டதில்லை.

அப்போது அது வயிற்றை இறுக்கியது.
வால் பக்கமாய் வழுக்கி விழுந்தது
சாண் நீளத்தில் ஒரு குட்டி,
ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு
பீடி இலை போல.
பின்னால் இன்னொன்று.
ஆறு வரை எண்ணினேன்.

முனியராஜ் கைலியை மடித்துக் கட்டி
தண்ணீர் இறைக்கும் வாளியில் அள்ளிப் போய்
இடுப்பளவில் கவிழ்த்தான்.
ஒன்று மிதந்தது.
மற்றவை விரிந்தன, முகத்தைக் குத்தின,
இல்லை.
மணல்தான். உற்றுப் பார்த்தால்
மணலில் ஜோடி ஜோடியாய்க் கண்.

"எடை கொறஞ்சு போச்சே" என்றார் நூகு.

எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
தாளை ஈர மணலில் வைத்து
மூன்றாவதில் உழுவை,
அதை அடித்துக் கித்தார்,
அதையும் அடித்து மறுபடி உழுவை.
பேனா கிழித்த இடத்தில் மண் ஏறியது.

கடலுக்குள் நின்று கத்தினாள் சேதுராக்கு:
"ஏய், காலுக்கடியில என்னமோ நகருது!"