ரசமட்டம்

கோத்தகிரியில் தரை என்று எதுவும் கிடையாது.
சரிவுக்கு வைத்த செல்லப்பெயர் அது.
உருளைக்கிழங்கு மண்டியாக இருந்த கூடத்தில்
சாக்பீஸைக் கீழே வைத்தால்
யோசித்து யோசித்து உருண்டு
கிழக்குச் சுவரைத் தொட்டுவிடும்.
அங்கேதான் இறக்கினோம்,
திருப்பூரில் இரண்டாம் கையாய் வாங்கிய
எட்டுக் கை அச்சு இயந்திரத்தை.
ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும்
டெம்போவுக்குள் ஏதோ ஒரு நட்டு
தன் வேலையை ராஜினாமா செய்திருந்தது.

அதை மட்டம் பார்க்க வந்தவர் நாச்சிமுத்து.
குரங்குக் குல்லாய், ஒரு ரசமட்டம்,
அரைக்கிலோ எரிச்சல்.
"மட்டமான இடமா பிடிச்சிருக்கீங்க ரூபிம்மா."
எந்த மட்டம் என்று நான் கேட்கவில்லை.

தாழ்ந்த கால்களுக்கு இரும்புத் தகடு.
ஸ்பானர் என் கையில், கண் அவருடையது.
"கால் சுத்து."
எந்தக் கால்?
"அந்தக் கால்ல கால் சுத்து."
இரவு பதினோரு மணிக்குக் குமிழி
இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து
பெயர் கூப்பிட்ட பையனைப் போல நின்றது.
படுத்தோம்.

வரையாடு எண்ண மலையேறுகிறவர்களுக்கு
இருநூற்று நாற்பது பனியன்.
வியாழக்கிழமை அவர்கள் ஏற வேண்டும்.
அடியில் வெள்ளை, அதன்மேல் பழுப்பு.
குளிரில் மை வெல்லப்பாகாய் இறுகியிருந்தது,
ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் கிளறினேன்.
முதல் பலகையில் ஆடு.
இரண்டில் ஆடு. மூன்றில் ஆடு.
நான்காவதில்
நாலு கொம்போடு ஒன்று
என்னையே பார்த்தது.

நாச்சிமுத்து குளிரைத் திட்டினார்.
கம்ப்ரசரை, மெஷ்ஷை,
மலையில் காற்று லேசாக இருப்பதை,
பிறகு சுற்றி வளைத்து என்னை.
நான் பேசவில்லை.
பழுப்பு மை பட்டிருந்த ரசமட்டத்தைத்
துடைத்து அதே இடத்தில் வைத்தேன்,
முனை மாற்றி.
குமிழி கோட்டைத் தாண்டி
மறுபக்கம் ஓடியது.

திருப்பினார். ஓடியது.
மறுபடி திருப்பினார். திரும்பி வந்தது.
பதினெட்டு வருஷமாக அதைத்தான் வைத்திருக்கிறார்.
உதடு மட்டும் அசைந்தது:
பெருமாநல்லூரில் இரண்டு, அவினாசியில் ஒன்று,
காங்கயம் ரோட்டில் அந்தப் பெரிய ஷெட்...
ஒரு பீடி நேரம் வெளியே நின்றார்.
பனியில் பீடி பற்றவில்லை.

உள்ளே வந்து பெட்டியின் அடியிலிருந்து
டயல் கேஜை எடுத்தார்.
"பூமிய விடுங்க.
இனிமே ஒண்ணாம் பலகைதான் பூமி."

அச்சுத் தலையில் கேஜைக் கட்டி
கையால் தள்ளித் தள்ளிச் சுற்றினோம்.
முள் சொன்னது: இரண்டு சரி, மூன்று சரி,
நான்கு, நாற்பது புள்ளி கீழே.
குனிந்து பார்த்தால் கையின் அடியில்
போல்ட்டு இருக்கிறது, நட்டு இல்லை.
அது எட்டாவது வளைவிலோ பத்தாவதிலோ
தேயிலைக்கு உரமாகிக்கொண்டிருக்கும்.

பலகைக்கும் மெஷ்ஷுக்கும் இடைவெளி வைக்க
இரண்டு ரூபாய்க் காசு நாலு கேட்டார்.
என்னிடம் மூன்றுதான்.
பக்கத்து டீக்கடை ஹாலன் கல்லாவைக் கவிழ்த்து,
ஒரே வருஷத்துக் காசாகத் தேடித் தந்து,
எதற்கென்று கேட்டுவிட்டு,
பதிலைக் கேட்காமலே வடை எடுக்கப் போனான்.
நாலு மூலையிலும் ஒவ்வொன்று.
காகிதத் துண்டை இழுத்துப் பார்த்தோம்:
பிடித்தது, கிழியவில்லை.

புதன் சாயங்காலம்
இருநூற்று நாற்பதாவது ஆட்டுக்கும்
கொம்பு இரண்டுதான்.

கடைசி பஸ்ஸுக்கு நடுங்கிக்கொண்டு நின்றவர்
கழித்துப் போட்டதில் ஒன்றை உருவி
சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.
ரசமட்டத்தைக் கேட்கவில்லை.
ஜன்னல் கட்டையில் அது கிடக்கிறது,
குமிழி ஒரு பக்கமாய் ஒதுங்கி.

மறுநாள் அவர்கள் மேலே
பாறை பாறையாய் எண்ணிக்கொண்டிருந்தபோது,
நாலு கொம்பு வரையாடு ஒன்று
எந்தக் கணக்கிலும் சேராமல்
திருப்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கும்.